பாலையும் பூலாயும்: பால்மரங்களின் உறவும் பெயரும்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கில் பூலாய் என்னும் பெயர் மூன்று இடங்களில் நிலைத்துள்ளது. 654 மீட்டர் உயரமுள்ள கூனோங் பூலாய் ஒன்று. சதுப்புக் காடுகளின் ஊடே கடலைச் சேரும் சுங்கை பூலாய் மற்றொன்று. மிளகும் கம்பிரும் பயிரிட்ட சீனக் குடியேற்றக் காலத்தை நினைவூட்டும் கங்கார் பூலாய் மூன்றாவது. மலாய் மொழியில் பூலாய் என்பது ஒரு மரத்தின் பெயர். நெட்டையாக வளர்வது, கிளைகள் அடுக்கடுக்காக விரிவது, ஒரு கணுவில் பல இலைகள் வட்டமாக அமைவது, பட்டையைக் கீறினால் வெண்மையான பால் வடிவது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இதன் நெருங்கிய உறவு மரத்தை ஏழிலைப்பாலை என்பர்.

பாலை, பூலாய். இரு சொற்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கும் தமிழர் எவருக்கும் ஓர் எண்ணம் எழுவது இயல்பு. நமக்கும் எழுந்தது. இளம் விரிவுரையாளராக இருந்த காலத்தில், தமிழ்ப்பள்ளி ஒன்றின் விழா மலருக்கு எழுதிய கட்டுரையில், பூலாய் என்பது நம் பாலையின் திரிபே என்று ஐயத்திற்கு இடமின்றி எழுதிவிட்டோம். மரம் ஒன்று, பெயரும் ஏறத்தாழ ஒன்று, இதற்கு மேல் சான்று எதற்கு என்று எண்ணினோம். மலர் வெளிவந்த சில திங்களில், மலாய் மொழியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அதனை மொழிபெயர்க்கச் செய்து படித்துவிட்டு, ஒரே ஒரு வினா எழுப்பினார். "சாவகத்தார் இம்மரத்தைப் பூலே என்கிறார்களே, அவர்களும் உங்களிடமிருந்தா பெற்றார்கள்?" நம்மிடம் விடை இல்லை.

விடை தேடப் புகுந்தபோது நம் கூற்று எங்கெங்கே உடைகின்றது என்பது புலப்பட்டது. மலாய் மொழி தமிழிலிருந்து பெற்ற சொற்கள் பல; அவை மனம்போனபடி திரிவதில்லை, ஒழுங்குடன் திரிகின்றன. கடை, திரை, மாலை ஆகிய மூன்றும் மலாயில் வழங்குகின்றன. மூன்றிலும் இறுதி ஐகாரம் நிலைத்துள்ளது. இதுவரை நம் கூற்றுக்கு இடையூறு இல்லை. ஆயின் மாலையின் முதலசையில் உள்ள ஆகாரம் மலாயில் அகரமாகக் குறுகியதே ஒழிய உகரமாக மாறவில்லை. மாங்காய் என்பது மங்கா ஆனபோதும் அவ்வாறே. பாலை என்பது சென்றிருந்தால் மாலையின் வழியிலேயே சென்றிருக்க வேண்டும். முதலசையில் உகரம் தோன்றக் காரணம் காட்ட இயலாது. மேலும், தமிழில் பாலை என்பது பால் என்னும் வேரிலிருந்து பொருள் பெறும் சொல். மலாயில் உண்ணும் பாலுக்கு சூசூ என்று பெயர். மரத்தின் பாலுக்கு கெத்தா என்று பெயர். பூலாய் என்பதற்கும் இவ்விரண்டிற்கும் தொடர்பில்லை. அது மலாய், சாவகம் முதலிய உறவு மொழிகளுக்குப் பொதுவான உடைமை. ஒலி ஒத்தது தற்செயல்.

இந்தத் தவற்றை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அதே கூற்றை இன்றும் பள்ளி மேடைகளில் கேட்கின்றோம்; சில வேளைகளில் நம் பெயரைச் சான்றாகக் காட்டியே சொல்கின்றார்கள். சொற்களில் ஒப்புமை வேறு, உறவு வேறு என்பது மொழியியலின் முதற்பாடம். தாவரவியலுக்கும் அதுவே முதற்பாடம் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். பூலாய் மரத்தின் பாலைப் பின்தொடர்ந்து சென்றால் அப்பாடம் தெளிவாகும்.

முதலில் தமிழ்ப் பெயர்களை நோக்குவோம். நம் முன்னோர் ஐந்திணைக்கும் தாவரங்களின் பெயர்களையே இட்டனர்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. இவற்றுள் பாலை என்னும் மரப்பெயர் ஒரே மரத்திற்கு உரியதன்று. வெட்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை என்று அடை சேர்த்துப் பல மரங்களைக் குறிக்கின்றோம். இவற்றுள் முதல் மூன்றும் தாவரவியலார் வகுக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; எருக்கும் அரளியும் அக்குடும்பத்தினவே. உலக்கைப்பாலை அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது இலுப்பைக்கும் மகிழத்துக்கும் உறவு. பூவின் அமைப்பு, கனி, விதை எதுவும் ஏனைய மூன்றோடு ஒவ்வாது. பால் வடிகின்றது என்னும் ஒரே காரணத்தால் நாட்டுவழக்கு நான்கையும் ஒரு பெயரின்கீழ்க் கொணர்ந்தது. மருத்துவ மரபிலும் இவ்வழக்கம் உண்டு. ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கையும் நாற்பான்மரம் என்பர். அங்கே நான்கும் உண்மையிலேயே ஒரே பேரினம். ஆக, பால் என்னும் அளவுகோல் சில இடங்களில் உறவைச் சரியாகக் காட்டுகின்றது. சில இடங்களில் ஏமாற்றுகின்றது.

ஏன் ஏமாற்றுகின்றது? மரத்தின் பால் என்பது குருதி போன்றதன்று. வேரிலிருந்து நீரையும் இலையிலிருந்து உணவையும் சுமந்து செல்லும் சாறும் அன்று. அச்சாறு ஓடும் குழாய்கள் வேறு. பால் தங்குவதற்கெனத் தனி நாளங்கள் உண்டு. அவற்றில் அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கும் பால், புழுவோ வண்டோ கடித்த நொடியில் காயத்தின் வழியே பீறிட்டு வெளிவருகின்றது. காற்றுப் பட்டதும் தடித்துப் பசையாகி, பூச்சியின் வாயை ஒட்டிவிடுகின்றது, காயத்தையும் மூடுகின்றது. பலவற்றில் நஞ்சும் கலந்திருக்கும். ரப்பர்ப் பாலில் உள்ள புரதம் ஒன்று பூஞ்சைகளின் உடற்சுவரில் உள்ள பொருளைப் பற்றிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கவல்லது. பூச்சிகளும் வாளா இருப்பதில்லை. சில புழுக்கள் இலையைத் தின்னத் தொடங்கும் முன் நடுநரம்பை அடியில் கடித்து அறுத்துவிடும். பால் அங்கேயே வடிந்து ஓய்ந்தபின், நுனிப்பக்கத்தை இடையூறின்றி உண்ணும். மடையை அடைத்துவிட்டு வயலில் இறங்குவதைப் போன்றது இது.

இத்தகைய பால் ஏறக்குறைய 40 தாவரக் குடும்பங்களில், 20,000 அளவிலான இனங்களில் காணப்படுகின்றது. இவையெல்லாம் பால் வடித்த ஒரே மூதாதையின் வழிவந்தவை அல்ல. வெவ்வேறு கிளைகளில், வெவ்வேறு காலங்களில், பால் தனித்தனியே தோன்றியிருக்கின்றது. ஒரே வகையான இடர் ஒரே வகையான தீர்வை நோக்கிப் பல குடும்பங்களைத் தள்ளியிருக்கின்றது. படிமலர்ச்சி நூலார் இதனைக் குவிமலர்ச்சி என்பர். வெப்ப மண்டலத்தில் பால் வடிக்கும் இனங்களின் விகிதம் குளிர்நாடுகளைவிடக் கூடுதல். இங்கே பூச்சிகளை ஒடுக்கும் பனிக்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் இலைக்குப் பகை உண்டு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

ஜொகூர்க் காடுகளில் இதன் விரிவைக் காணலாம். பூலாயின் குடும்பத்திலேயே ஜெலுத்தோங் என்னும் மாமரம் உண்டு. அதன் பால் ஒரு காலத்தில் மெல்லும் பசை செய்யக் கடல் கடந்து சென்றது. ஆலின் குடும்பத்தில் ஈப்போ மரம் உண்டு. பேராவின் தலைநகருக்குப் பெயர் தந்த அம்மரத்தின் பால் கொடிய நஞ்சு. பூர்வகுடிகள் ஊதுகுழல் அம்பின் முனையில் அதனைத் தோய்த்தனர். அதே இனம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கின்றது. அங்கே அதற்கு மரவுரி மரம் என்று பெயர். பட்டையைத் தட்டி ஆடையும் சாக்கும் செய்தனர். ஒரே மரத்தில் ஒரு நாட்டார் பாலைக் கண்டனர், மற்றொரு நாட்டார் பட்டையைக் கண்டனர்.

ஜொகூர் வரலாற்றையே மாற்றிய பால்மரம் ஒன்று உண்டு. அதன் பெயர் தாபான். அதன் பால் உறைந்து கெட்டியாகும். வெந்நீரில் இட்டால் குழையும். ஆறினால் மீண்டும் இறுகும். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் மான்ட்கொமரி 1843இல் இதன் பயனை இலண்டனுக்கு அறிவித்தார். கடலடியில் தந்திக் கம்பி இடுவதற்கு நீர் புகாத உறை தேவைப்பட்ட காலம் அது. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடிக் கம்பி இப்பாலால் உறையிடப்பட்டதே. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் இவ்வணிகத்தைத் தம் கையில் கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆயின் தாபானின் பால் கீறினால் தாராளமாக ஓடுவதில்லை. ஆகவே மரத்தையே வீழ்த்தி, அடிமரத்தில் வளையம் வளையமாக வெட்டிச் சிறிதளவு பால் எடுத்தனர். சில ஆண்டுகளுக்குள் கைக்கெட்டிய காடுகளில் பெரிய தாபான் மரங்கள் அருகிப்போயின. இம்மரம் உலக்கைப்பாலையின் குடும்பம். இலுப்பைக்கும் மகிழத்துக்கும் உறவினர் என்பதை நம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம். தாபானுக்குத் தமிழ்ப் பெயர் இல்லை. நம் மக்கள் பெருந்திரளாக ஜொகூருக்கு வரத் தொடங்குவதற்குள் அதன் காலம் முடிந்துவிட்டது.

நம் மக்கள் வந்தது வேறொரு பாலுக்காக. 1876இல் விக்கம் என்பார் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தை அழிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். ஒரே வெட்டின் விளிம்பை நாள்தோறும் மெல்லியதாகச் சீவினால், பால் குறையாது வருவதோடு தொடக்கத்தில் பெருகவும் செய்கின்றது. காயத்திற்கு மரம் தரும் மறுமொழியையே மனிதன் பயனாக்கிக்கொண்டான்.

இங்கே மொழிச் செய்தி ஒன்று உண்டு. மலேசியத் தோட்டத் தமிழில் மரம் வெட்டுதல் என்றால் பால் எடுத்தல் என்று பொருள். தமிழகத்திலிருந்து வந்த பேராசிரியர் ஒருவரிடம், நம் அன்னையார் முப்பது ஆண்டுகள் மரம் வெட்டினார் என்று சொன்னபோது, அவர் காடழிப்பை எண்ணித் திடுக்கிட்டார். தாபானை வெட்டியது அவர் எண்ணிய பொருளில். ரப்பரை வெட்டியது நம் பொருளில். வெட்டிய மரம் நிற்கின்றது என்பதுதான் ரப்பர்த் தோட்டத்தின் அடிப்படை. நாம் பிறந்த தோட்டம் குளுவாங் வட்டாரத்தில் இருந்தது. விடியுமுன் அன்னையார் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்வார். ஏன் அந்நேரம் என்று நாம் கேட்டதில்லை. பொழுது ஏறினால் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடும். மரத்தின் உள்ளழுத்தம் குறையும். பால் நாளங்களும் தளரும். இருளில் நாளங்கள் நிறைந்து விம்மியிருக்கும். அன்னையாருக்கு இவ்விளக்கம் தெரியாது. "வெயிலேறினா மரம் பாலை உள்ள இழுத்துக்கும்" என்பார். அறிவியலுக்கு அதில் பெரிய குறையொன்றும் இல்லை.

அவர் வாயில் வழங்கிய சொற்கள் பல. பாலைச் சேர்க்கும் கிண்ணம் மங்கு; அது மலாயின் மங்கோக். வெட்டில் ஒட்டிக் காய்ந்தது ஒட்டுப்பால். மங்கில் உறைந்தது கட்டிப்பால். மரத்திற்குப் பால்மரம் என்று பெயர். அப்பெயரை நாம் நெடுநாள் ஒரு பாமர வழக்கு என்றே கருதி, வகுப்பில் இரப்பர் மரம் என்று திருத்தியும் இருக்கின்றோம். எண்ணிப் பார்த்தால், ஐந்திணைக் காலத்து மக்கள் பாலை என்று பெயரிட்ட அதே வழியில்தான் தோட்டத்து மக்கள் பால்மரம் என்று பெயரிட்டனர். வேர் ஒன்று, பெயரிடும் நோக்கும் ஒன்று. ஆங்கிலேயர் அப்பொருள் கரிக்கோல் எழுத்தை உரசி அழித்ததால் உரசுவது என்று பெயரிட்டனர். நம் மக்களின் பெயர் மரத்திற்கு அருகில் நிற்கின்றது.

ரப்பர் மரம் ஆமணக்கின் குடும்பம். மரவள்ளி, கள்ளி ஆகியவையும் அக்குடும்பமே. ஜப்பானியர் காலத்தில் நம் முன்னோர் உயிர் காத்த மரவள்ளியும், அதற்குமுன் அவர்களை இங்கு அழைத்துவந்த ரப்பரும் தென்னமெரிக்க உறவினர்கள். இன்னோர் உறவினரும் உண்டு. அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

அமேசான் காட்டில் ரப்பர் மரம் நெருங்கி வளர்வதில்லை. ஒரு ஹெக்டேரில் ஒன்றிரண்டு காண்பதே வழக்கம். நம் தோட்டங்களில் அதே பரப்பில் நானூறு ஐந்நூறு மரங்கள் நட்டனர். காட்டில் ஏன் அவ்வளவு தொலைவு? ஜான்சன் 1970இலும் கானல் 1971இலும் தனித்தனியே ஒரு விளக்கம் தந்தனர். தாய்மரத்தின் அடியில் அவ்வினத்தையே தின்னும் பூச்சிகளும் பூஞ்சைகளும் குவிந்திருக்கும். அங்கு விழும் விதைகள் பிழைப்பது அரிது. தொலைவில் விழுந்தவை தப்பும். இடைவெளியில் வேற்றினங்கள் இடம்பெறும். பகைவர்களே காட்டின் பன்மையைக் காக்கின்றனர் என்பது இதன் சாரம். வெப்பக் காடுகளின் பன்மைக்கு இதுவே முழுக் காரணம் என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் பல இடங்களில் சான்றுகள் கிடைத்துள்ளன. அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில், பாசோ காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தை 1980களில் அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் கணக்கெடுத்தனர். 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட மரங்கள். 800க்கும் மேற்பட்ட இனங்கள். ஒரு பெரிய தோட்டத்தின் சில பிரிவுகள் அளவே உள்ள நிலம் அது.

பகைவர்களை விட்டுவிட்டு வந்ததால்தான் ரப்பர் இங்கே நெருங்கி வாழ முடிந்தது. அமேசானில் அதன் இலையைக் கருக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. 1928இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் நம்மைப் போலவே நிரை நிரையாக ரப்பர் நட்டார். அந்நோய் அத்தோட்டத்தைத் தின்றது. ஆசியாவில் அந்நோய் இன்றுவரை காலூன்றவில்லை. ஒருகால் வந்தால், ஒரு சில கன்றுகளின் வழிவந்த நம் மரங்களில் எத்தனை எதிர்த்து நிற்கும் என்பது ஆராய்ச்சியாளரின் கவலை.

இனி, சுங்கை பூலாயின் முகத்துவாரத்திற்குச் செல்வோம். சுங்கை பூலாய், குக்குப் தீவு, ஆசிய நிலப்பரப்பின் தென்கோடியான தஞ்சோங் பியாய் ஆகிய மூன்றும் 2003இல் ராம்சார் ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன. ஜொகூரின் ஏனைய காடுகளில் தமிழ்ச் சொல்லின்றி அலையும் நாம், இங்கு வந்தால் ஊருக்கு வந்ததுபோல் உணர்கின்றோம். கண்டலும் சுரபுன்னையும் நம் நெய்தல் நிலத்தின் பழைய சொற்கள். பிச்சாவரத்தில் வளரும் மரங்களின் உறவினர் இங்கே நிற்கின்றனர். ஊன்றுவேருடன் நிற்பது ஒரு குடும்பம். சேற்றிலிருந்து விரல்போல் மூச்சுவேர் நீட்டுவது இன்னொரு குடும்பம். அதேபோல் மூச்சுவேர் நீட்டும் மூன்றாவது மரம் வேறொரு குடும்பம். உப்பும் சேறும் தந்த நெருக்கடி இவற்றை ஒன்றுபோல் ஆக்கியது. கண்டல் என்று ஒரே சொல்லால் குறிக்கும்போது நாம் வாழிடத்தைக் குறிக்கின்றோமே அன்றி வழிமரபைக் குறிக்கவில்லை.

அச்சேற்றின் விளிம்பில் நிற்கும் ஒரு மரத்தைப் படகோட்டி நமக்குச் சுட்டிக்காட்டி, தொடவேண்டாம் என்றார். பெயர் பூத்தா-பூத்தா. மலாயில் பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அறிவியற் பெயரும் இலத்தீனில் அதே பொருளினதே. நாம் அதனை உடனே அறிந்துகொண்டோம். அது தில்லை. சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம்; அக்கோயிலின் தலமரம். ஒரு மொழி அதன் தீங்கைப் பெயராக்கியது. மற்றொரு மொழியில் அது கோயிலின் பெயராயிற்று. நாம் முன்னர்ச் சொன்ன ரப்பரின் இன்னோர் உறவினர் இதுவே. சோழநாட்டுக் கடலோரத்தில் தில்லையின் பாலுக்கு அஞ்சி விலகி நடந்தவர்களின் பேரர், அதன் குடும்பத்தைச் சேர்ந்த அயல்நாட்டு மரமொன்றின் பாலை எடுக்கக் கப்பலேறினர். இதில் எவரும் திட்டமிட்டது எதுவும் இல்லை. ஆயினும் சொல்லக் கேட்டபோது படகிலிருந்த மாணவர்கள் அம்மரத்தைத் திரும்பித் திரும்பி நோக்கினர்.

இதுவரை ஒப்புமை ஏமாற்றிய கதைகளையே மிகுதியும் சொன்னோம். ஒப்புமை சிறிதும் இன்றி உறவு மறைந்து நிற்கும் கதை ஒன்றும் உண்டு. ஜொகூர் மலைக்காடுகளின் தலைவர்கள் மெராந்தி, கெருயிங் முதலிய மரங்கள். இவற்றில் வடிவது பால் அன்று, பிசின். மலாயில் டாமார் என்பர். மலாயின் கெத்தா என்னும் சொல் பாலையும் பிசினையும் பெரும்பாலும் ஒருங்கே தழுவும். தமிழ் இரண்டையும் பிரித்துச் சொல்கின்றது. தமிழர் வீடுகளில் தூபமிடும் குங்கிலியம் வடமொழிக் குக்குலுவோடு தொடர்புடைய சொல் என்பர். அப்பெயரால் நாம் வாங்கும் பிசின் வடநாட்டுச் சால மரத்திலிருந்து கிடைப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைப்பயின் மரத்தின் பிசினுக்கும் வெள்ளைக் குங்கிலியம் என்று பெயர். சால மரம், வெள்ளைப்பயின், மெராந்தி, கெருயிங் நான்கும் ஒரே குடும்பம். குங்கிலியம் என்னும் சொல்லுக்கும் டாமார் என்னும் சொல்லுக்கும் ஓர் எழுத்தும் ஒவ்வாது, பொருள்களோ உடன்பிறப்புகள்.

அவ்வுறவு எவ்வளவு பழையது என்பதுதான் வியப்பு. குசராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையுடைய பிசிற்கட்டிகள் கிடைத்தன. அவற்றின் வேதியமைப்பு இக்குடும்பத்துக்குரியது. உள்ளே அக்காலப் பூச்சிகள் சிக்கியிருந்தன. இந்தியத் துணைக்கண்டம் தென்கண்டங்களிலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிய காலம் அது. ஆப்பிரிக்கத் தொடர்புடைய இம்மரங்களின் முன்னோர் இந்திய நிலத்தின் வழியே கிழக்கே பரவினர் என்று மகரந்தப் படிவுகளை ஆய்ந்தோர் கருதுகின்றனர். ஆசியாவின் ஈரக்காடுகளுக்கு வந்தபின் அவை நூற்றுக்கணக்கான இனங்களாகப் பெருகின. மெராந்தியின் முன்னோரும் இந்தியாவின் வழியாகவே மலாயாவிற்கு வந்தனர். சொல்லும் மொழியும் மனிதரும் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னர்.

ஆசிரியர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு. மெராந்திக்கும் தாபானுக்கும் தமிழில் பெயர் ஆக்க வேண்டாவா? நம் கருத்து, வேண்டா என்பதே. டுரியானுக்கு முள்நாறி என்று ஆக்கினோம்; ஏட்டில் உள்ளது, சந்தையில் இல்லை. செம்பனை என்னும் பெயரோ வேரூன்றிவிட்டது. அதனோடு நாள்தோறும் பழகியவர் வாயில் அப்பெயர் வழங்கியது; பனையோடு அதற்கு உண்மையான குடும்ப உறவும் உண்டு. மெராந்தியை மெராந்தி என்றே தமிழில் எழுதி, அது குங்கிலியக் குடும்பம் என்று உடன் சொன்னால் மாணவன் இரண்டையும் பெறுவான். பூலாயைப் பூலாய் என்றும், அது ஏழிலைப்பாலையின் இனம் என்றும் சொல்வோம்; பெயரைத் திருடி வந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. இம்மரத்தின் அறிவியற் பெயரில் பள்ளிக்குரியது என்று பொருள்படும் ஒரு சொல் உண்டு. இதன் பலகையில் பிள்ளைகள் எழுதப் பழகியதால் வந்தது. ஏழிலைப்பாலையை அறிமுகம் செய்ய ஆசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

நம் கவலை வேறோரிடத்தில் உள்ளது. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. செம்பனையில் பால் இல்லை. அதற்கும் ஒரு சூழலியல் வரலாறு உண்டு: ஒரு காலத்தில் பணியாளர்கள் மகரந்தப் பொடியைக் கையால் பூங்குலைகளில் தூவினர், 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த சிறு கூன்வண்டு ஒன்றைக் குளுவாங் வட்டாரத்தில் விட்டபின் அவ்வேலையை வண்டு ஏற்றுக்கொண்டது. தோட்டத்து மக்களும் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். மங்கு, ஒட்டுப்பால், நிரை என்னும் சொற்களைப் பொருளுடன் அறிந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். சென்ற ஆண்டு இடைநிலைப்பள்ளி மாணவர் முப்பதின்மரிடம் ஒட்டுப்பால் என்றால் என்ன என்று கேட்டோம். ஒருவர் மட்டும் கையுயர்த்தி, பாட்டி சொல்லக் கேட்டதாகவும், பொருள் கேட்கவில்லை என்றும் சொன்னார். அம்மாணவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, பாட்டியிடம் போய்க் கேட்டு எழுதி வருமாறு சொன்னோம். நாற்பத்தாறு சொற்களுடன் வந்தார். அவற்றுள் பதினொன்று நாமே அறியாதவை.

அக்குறிப்பேட்டின் படி ஒன்று இப்போது நம் மேசையில் உள்ளது. அதனருகில் பழைய விழா மலரும் உள்ளது. பூலாயைப் பற்றிய வரியைக் கரிக்கோலால் அடித்து, ஓரத்தில் சாவகப் பூலேயைக் குறித்து வைத்திருக்கின்றோம்.